பதினாறு இலக்கங்களின் காவல்

பழைய ஊர்க் கடைகளிலே, கல்லாப்பெட்டிக்குக் கீழுள்ள லாச்சியில், நீண்ட கொப்பி ஒன்று இருக்கும். கடனுக்குச் சாமான் வாங்கியோரின் பெயரும், வாங்கிய பொருளும், கொடுக்க வேண்டிய தொகையும் அதிலே குறிக்கப்பட்டிருக்கும். இன்ன வீட்டில் மாதம் பாதி கழியுமுன்னரே அரிசி தீர்ந்துவிட்டது என்பதும், இன்னாருடைய மகன் தந்தைக்குத் தெரியாமல் சிகரெட்டுக்குக் கணக்கு வைத்திருக்கிறான் என்பதும் அந்தக் கொப்பிக்குத் தெரியும். கடை முதலாளி அதனைத் திறந்தபடி மேசைமேல் விட்டுச் செல்லமாட்டார். ஒருவருடைய கணக்கைக் காட்டும்போது மற்றவருடைய பக்கத்தைக் கையால் மறைத்துக்கொள்வார். இதற்கெனச் சட்டம் எதுவும் இருக்கவில்லை. பக்கத்து வீட்டார் தம் கணக்கைப் பார்த்துவிட்டனர் என்று ஒருவர் அறிந்தால், மறுநாள் அவர் வேறு கடைக்குப் போய்விடுவார். அந்த அச்சமே போதுமான காவலாயிருந்தது.

இன்று வாடிக்கையாளர் ஓர் அட்டையை நீட்டுகிறார். அல்லது கையடக்கத் தொலைபேசியைக் காட்டுகிறார். சிறு இயந்திரம் ஓர் ஒலி எழுப்புகிறது, பற்றுச்சீட்டு வெளிவருகிறது. அந்தச் சில விநாடிகளுக்குள், வாங்கியவரைப் பற்றிய செய்தி கடையிலிருந்து கடைக்காரரின் வங்கிக்கும், அங்கிருந்து அட்டை நிறுவனத்தின் வலையமைப்புக்கும், பின்னர் அட்டையை வழங்கிய வங்கிக்கும் போய், அதே வழியால் திரும்பி வந்துவிடுகிறது. இடையிலே கணக்குகளைக் கையாளும் வேறு நிறுவனங்களும் இருக்கலாம். கொடுப்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்கின்றனர். அவர்களுக்கிடையே நிற்கும் நால்வர் ஐவரை இருவருமே பார்ப்பதில்லை. அந்தப் பழைய கொப்பி இப்போது யார் யாருடைய லாச்சியில் இருக்கிறது என்பதே இங்கு ஆராயவேண்டிய கேள்வி.

இதன் வேரை அறிய, அட்டையின் வரலாற்றைச் சிறிது பார்க்க வேண்டும். 1950ஆம் ஆண்டிலே நியூயோர்க் நகரில் டைனர்ஸ் கிளப் என்னும் நிறுவனம் தன் அட்டையை வெளியிட்டது. அது வெறுங் காகித மட்டையாலானது. அதைத் தோற்றுவித்த பிராங்க் மக்னமாரா, உணவகம் ஒன்றில் உண்டு முடித்த பின்னரே பணப்பையை மறந்து வந்ததை உணர்ந்தார் என்றும், அந்த வெட்கத்திலே பிறந்தது இந்த எண்ணம் என்றும் ஒரு கதை வழங்குகிறது. விளம்பரத்துக்காகப் பின்னர் புனைந்த கதையே அது என்பாரும் உளர். எவ்வாறாயினும், அட்டையில் எழுதப்பட்ட இலக்கம் அன்று ஒரு பெயர் போன்றதே. இன்னாருடைய கணக்கு இது என்று காட்டுவது மட்டுமே அதன் வேலை. கொண்டு வந்தவர் உண்மையான உரிமையாளர்தானா என்பதைக் கையொப்பத்தாலும் முகத்தாலும் உணவக முகாமையாளர் தீர்மானித்துக்கொண்டார்.

பின்னர் பிளாஸ்டிக் அட்டைகள் வந்தன. அவற்றில் இலக்கங்கள் புடைத்து நின்றன. கடைக்காரர் ஒரு சிறு அச்சுப் பொறியில் அட்டையை வைத்து, காபன் தாளுடன் கூடிய சீட்டை அதன்மேல் பரப்பி, பிடியை இழுப்பார். அட்டையின் இலக்கம் சீட்டுக்களில் பதியும். காபன் தாளிலும் பதியும். சீட்டுக்களைப் பத்திரமாக வைத்துக்கொண்ட கடைக்காரர்கள் காபன் தாளைக் குப்பைக்கூடையில் எறிந்தனர். திருடர்கள் கல்லாப்பெட்டியை விட்டுக் குப்பைக்கூடையைக் கிளறத் தொடங்கினர். கணினி எதுவும் உடைக்கப்படவில்லை. பூட்டு எதுவும் திறக்கப்படவில்லை. வேலை முடிந்தபின் மிஞ்சிய ஒரு தாளிலிருந்தே அந்தக் களவு நடந்தது. இச்செய்தியை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது; பின்னால் வரும் பெருங் களவுகளிலும் இதே காபன் தாள் வேறு வேறு உருவத்தில் வரும்.

அட்டை இலக்கத்துக்குள்ளேயே ஒரு காவல் உண்டு என்று சிலர் எண்ணுவதுண்டு. ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ஹான்ஸ் பீற்றர் லூன் என்னும் அறிஞர் 1954இல் விண்ணப்பித்து 1960இல் உரிமை பெற்ற ஒரு கணக்கு முறை உண்டு. பெரும்பாலான அட்டைகளில் 16 இலக்கங்கள் இருக்கும். வலப்பக்கத்திலிருந்து எண்ணி, ஒன்றுவிட்டு ஒன்றாக இலக்கங்களை இரட்டித்து, இரட்டித்தது இரண்டு தானமானால் அவ்விரண்டையும் கூட்டி, எல்லாவற்றையும் சேர்த்தால், வரும் தொகை பத்தால் மிச்சமின்றி வகுபட வேண்டும். கடைசி இலக்கம் இதற்காகவே சேர்க்கப்படுகிறது. ஓர் இலக்கம் பிழைத்தால் உடனே தெரிந்துவிடும். அடுத்தடுத்த இரண்டு இடம் மாறினாலும் தெரியும். 0உம் 9உம் தம்முள் இடம் மாறினால் மட்டும் தப்பிவிடும். அழகான கணக்கு. ஆயினும் இது தட்டச்சுப் பிழையைப் பிடிக்குமேயன்றித் திருடனைப் பிடிக்காது. திருடன் இலக்கத்தைச் சரியாகத்தான் எழுதுவான்.

அடுத்து வந்தது காந்தப் பட்டி. 1960ஆம் ஆண்டளவில் ஐ.பி.எம். பொறியியலாளர் பொரஸ்ற் பரி, பிளாஸ்டிக் அட்டையிலே காந்த நாடாவை ஒட்ட முயன்றார். எந்தப் பசையிலும் நாடா சுருண்டது. அல்லது பதிவு கெட்டது. வீட்டிலே துணிக்கு ஸ்திரிக்கை போட்டுக்கொண்டிருந்த அவருடைய மனைவி, அந்தச் சூட்டுப் பெட்டியாலேயே அழுத்திப் பார்க்கலாமே என்றார், நாடா ஒட்டிக்கொண்டது. இது ஐ.பி.எம். நிறுவனமே சொல்லும் வரலாறு. உலகெங்கும் அட்டைகளின் முதுகிலே காணப்படும் கறுப்புப் பட்டி இவ்வாறு பிறந்தது.

அப்பட்டியிலே அட்டை இலக்கம், காலாவதித் திகதி, உரிமையாளரின் பெயர் ஆகியவை எந்த மறைமொழியுமின்றி எழுதப்பட்டிருக்கும். பட்டியின் பதிவு உண்மையானதா என்று வங்கி சோதிப்பதற்கான ஓர் எண்ணும் அதிலேயே சேர்க்கப்பட்டது. ஆனால் ஒரு முறை வாசித்ததை மறுமுறையும் அப்படியே வேறோர் அட்டையில் எழுதிவிடலாம். சோதனை எண்ணும் உடன் செல்லும். மூலத்துக்கும் நகலுக்கும் வேறுபாடு காண இயந்திரத்தால் இயலாது.

இங்கேதான் பெருங் குறை நுழைந்தது. ஒரு வீட்டின் விலாசம் ஊரெல்லாம் தெரிந்திருக்கலாம். தபாற்காரனுக்கும் தெரியும், பால்காரனுக்கும் தெரியும். வீட்டின் திறப்பு மட்டும் வீட்டுக்காரரிடம் இருக்கும். அட்டை இலக்கமோ விலாசமாகவும் திறப்பாகவும் ஒருங்கே பயன்படத் தொடங்கியது. ஒவ்வொரு கடையிலும் காட்டவேண்டியது அதுவே. எவரும் அறியக்கூடாததும் அதுவே. ஆயிரம் பேரிடம் கொடுத்துவிட்டு இரகசியமாக வைத்திருக்கச் சொல்வது எத்தகைய ஏற்பாடு என்பதைக் கூறவேண்டியதில்லை.

அமெரிக்காவின் ரி.ஜே.எக்ஸ். என்னும் பெரிய கடை நிறுவனத்துக்கு நேர்ந்தது இதற்கு ஒரு சான்று. 2005ஆம் ஆண்டு முதல் அதன் கணினிகளுக்குள் அந்நியர் புகுந்திருந்தனர். கடையின் கம்பியில்லா இணைப்பே அவர்களுக்கு வாயிலாயிற்று. அவ்விணைப்பைக் காத்த மறைமொழி முறை பலவீனமானது என்று 2001இலேயே அறிஞர்கள் செய்து காட்டியிருந்தனர். 2007 ஜனவரியில் நிறுவனம் களவை வெளியிட்டது. குறைந்தது 4 கோடியே 57 இலட்சம் அட்டைகளின் விபரங்கள் போயின என்று பின்னர் அறிவித்தது. களவு போனவற்றுள் பல, முன்னைய ஆண்டுகளில் நடந்து முடிந்த விற்பனைகளைப் பற்றியவை. பொருள் விற்றாகிவிட்டது, பணமும் வந்துவிட்டது. இலக்கம் மட்டும் எவரும் எடுத்து எறியாமல் கிடந்தது.

கனடாவிலும் அந்நிறுவனத்துக்குக் கடைகள் இருந்தமையால், அந்நாட்டின் அந்தரங்கப் பாதுகாப்பு ஆணையாளர் விசாரணை நடத்தி, 2007 செப்டெம்பரில் அறிக்கை வெளியிட்டார். அதிலே கவனிக்கத்தக்க ஒரு செய்தி உண்டு. பற்றுச்சீட்டின்றிப் பொருளைத் திருப்பிக் கொடுக்க வந்தவர்களிடம், கடைக்காரர்கள் சாரதி அனுமதிப்பத்திரத்தின் இலக்கத்தைக் கேட்டுப் பதிந்து வைத்திருந்தனர். அடிக்கடி பொய்யாகத் திருப்பிக் கொடுப்போரைக் கண்டுகொள்ள என்பது அவர்கள் கூறிய காரணம். ஒரு சட்டையைத் திருப்பிக் கொடுக்க வந்தவருக்கு வாகனம் ஓட்டும் அனுமதிப்பத்திரம் எதற்கு? வேண்டாத விபரத்தை வாங்கினர், வாங்கியதை நெடுங்காலம் வைத்திருந்தனர், வைத்திருந்ததைப் போதிய அளவு காக்கவில்லை என்பதே அவ்வறிக்கையின் சாரம். மூன்று குற்றங்களுள் முதல் இரண்டும் திருடன் வருமுன்பே நடந்தவை.

இத்தகைய களவுகளை நடத்தியோரின் தலைவனான அல்பேர்ட் கொன்சாலெஸ், பிடிபட்டு 2010 மார்ச்சில் 20 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றான். அமெரிக்க அரசின் இரகசியச் சேவைக்கு அவன் சம்பளம் பெற்றுத் தகவல் கொடுத்துக்கொண்டிருந்த காலத்திலேயே இவற்றைச் செய்தான் என்பது அவ்வழக்கின் விந்தை. 2009 ஜனவரியில் வெளிவந்த ஹாட்லண்ட் என்னும் கொடுப்பனவு நிறுவனத்தின் களவிலும் அவன் கை இருந்தது. அதிலே ஏறக்குறைய 13 கோடி அட்டைகளின் இலக்கங்கள் போயின.

ஆயினும், எல்லாவற்றிலும் பாடம் நிறைந்தது 2013ஆம் ஆண்டில் டார்கெட் என்னும் நிறுவனத்துக்கு நேர்ந்தது. மினியாபோலிஸ் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட அந்நிறுவனத்துக்கு அமெரிக்கா முழுவதிலும் கடைகள் உண்டு. அந்த ஆண்டு நவம்பர் 27ஆந் திகதி முதல் டிசம்பர் 15ஆந் திகதி வரை, அதாவது நத்தார் வியாபாரம் கொடிகட்டிப் பறக்கும் நாட்களிலே, அக்கடைகளில் அட்டையால் பணங் கொடுத்தவர்களின் விபரங்கள் களவு போயின. அட்டைகள் 4 கோடி. அதைவிட, 7 கோடிப் பேரின் பெயர், விலாசம், தொலைபேசி இலக்கம் முதலியனவும் போயின.

திருடர்கள் முன்வாசலால் வரவில்லை. கடைகளின் குளிரூட்டும் சாதனங்களைப் பராமரித்த ஒரு சிறு ஒப்பந்தகாரருக்கு, கணக்குச் சீட்டுக்கள் அனுப்புவதற்காக டார்கெட் வலையமைப்பிலே ஒரு நுழைவுரிமை கொடுக்கப்பட்டிருந்தது. பொய்யான மின்னஞ்சல் ஒன்றினால் அந்த ஒப்பந்தகாரரின் கடவுச்சொல் திருடப்பட்டது. குளிர்ப்பெட்டி திருத்துபவர் வந்து போகும் பின்கதவு வழியாக நுழைந்தவர்கள், உள்ளே நடந்து நடந்து காசாளரின் இயந்திரம் வரை சென்றுவிட்டனர். பின்கதவுக்கும் கல்லாவுக்கும் இடையே திடமான சுவர் இருக்கவில்லை.

காசாளரின் இயந்திரத்திலே அவர்கள் செய்தது நுட்பமானது. அட்டை விபரம் கம்பி வழியே போகும்போது மறைமொழியாகப் போகலாம். பெட்டகத்தில் வைக்கும்போது மறைமொழியாக வைக்கலாம். ஆனால் இயந்திரம் அதனைக் கையாளும் அந்தக் கண நேரத்தில், அதன் நினைவகத்திலே அது வெற்றெழுத்தாக இருக்கும். திருடர்கள் ஏவிய தீநிரல் அந்தக் கணத்துக்காகக் காத்திருந்து, ஒவ்வோர் அட்டையையும் பிரதி செய்தது. இதுவும் காபன் தாள்தான்.

எச்சரிக்கை மணி அடிக்கவில்லையா? அடித்தது. நிறுவனம் வாங்கி வைத்திருந்த காவல் மென்பொருள் நவம்பர் 30ஆந் திகதியும் மீண்டும் டிசம்பர் 2ஆந் திகதியும் எச்சரித்தது என்று அமெரிக்க மேற்சபையின் குழுவொன்றுக்காக 2014 மார்ச்சில் தயாரிக்கப்பட்ட அறிக்கை கூறுகிறது. நாள்தோறும் வரும் எண்ணற்ற எச்சரிக்கைகளுக்குள் அவையும் கலந்து போயின. டிசம்பர் 12ஆந் திகதி அரசாங்க நீதித் திணைக்களம் தெரிவித்த பின்னரே நிறுவனம் விழித்துக்கொண்டது. பொதுமக்களோ, டிசம்பர் 18ஆந் திகதி பிரையன் கிரெப்ஸ் என்னும் பத்திரிகையாளர் எழுதிய பின்னரே செய்தியை அறிந்தனர். மறுநாள் நிறுவனம் அதனை உறுதிப்படுத்தியது.

இன்னுமொரு செய்தியும் உண்டு. விசா, மாஸ்டர்காட் முதலிய ஐந்து அட்டை நிறுவனங்கள் சேர்ந்து 2004 டிசம்பரில் வகுத்த பாதுகாப்பு நியமம் ஒன்று உண்டு, பி.சி.ஐ. என்று அதனைச் சுருக்கமாக அழைப்பர். பன்னிரண்டு பெருவிதிகள் கொண்ட அந்நியமத்துக்கு அமைய நடப்பதாக டார்கெட் நிறுவனம் 2013 செப்டெம்பரிலே சான்று பெற்றிருந்தது. சான்றிதழின் மை காய்ந்து மூன்று மாதமாகவில்லை. அன்று பரிசோதகர் வந்தபோது கதவு பூட்டியிருந்தது என்பதற்கே சான்றிதழ் சாட்சி. இன்று பூட்டியிருக்கிறதா என்பதற்கு அது சாட்சியாகாது. இதனால் நியமமே வீண் என்று முடிவு கட்டுவது பேதைமை. அதிலுள்ள பல விதிகளை உண்மையாகக் கைக்கொண்டிருந்தால், குளிர்ப்பெட்டிக்காரரின் கதவால் வந்தவர் காசாளரிடம் போயிருக்கமாட்டார்.

அதே களவுக்குள்ளே ஒரு வெற்றியும் மறைந்திருக்கிறது. அது அதிகம் பேசப்படுவதில்லை. பற்று அட்டைக்காரர்கள் விசைப்பலகையில் அழுத்திய இரகசிய இலக்கங்களும் திருடர் கையில் அகப்பட்டன. ஆனால் அவை அழுத்தப்பட்ட இடத்திலேயே மறைமொழியாக்கப்பட்டிருந்தன. மறைமொழியைத் திறக்கும் சாவி டார்கெட் நிறுவனத்தின் கணினிகளில் எங்குமே இருக்கவில்லை, வெளியிலுள்ள கொடுப்பனவு நிறுவனத்திடமே இருந்தது. ஆகவே அவற்றைத் திறக்க இயலாது என்று நிறுவனம் டிசம்பர் 27ஆந் திகதி அறிவித்தது. ஒரே வீட்டில், ஒரே இரவில், ஒரே திருடரிடம் இரு பெட்டிகள் அகப்பட்டன. ஒரு பெட்டியின் சாவி வீட்டிலேயே தொங்கியது. மற்றதன் சாவி வீட்டிலேயே இல்லை.

அட்டை விபரங்கள் கள்ளச் சந்தையில் விற்கப்பட்டன. வாங்கியவர்கள் வெற்று அட்டைகளின் காந்தப் பட்டியில் அவற்றை எழுதிக் கடை கடையாய்ச் சென்றனர். புது அட்டை வழங்கும் செலவு வங்கிகள் தலையில் விழுந்தது. அது 20 கோடி டொலருக்கு மேல் என்று வங்கிச் சங்கங்கள் கணக்கிட்டன. நிறுவனத்தின் தலைமை அதிகாரி 2014 மே மாதம் பதவி துறந்தார். 2017இல் நிறுவனம் 47 மாநிலங்களுடன் 1 கோடியே 85 இலட்சம் டொலருக்கு இணக்கம் செய்துகொண்டது.

பணத்தை வங்கி திருப்பிக் கொடுத்துவிட்டது, புது அட்டையும் வந்துவிட்டது. அப்படியானால் வாடிக்கையாளருக்கு என்ன நட்டம் என்று சிலர் வினவலாம். அட்டை இலக்கத்தை மாற்றலாம். பிறந்த திகதியை மாற்ற முடியுமா? விலாசத்தையும் தாயின் பெயரையும் மாற்ற முடியுமா? இவ்விபரங்களை வைத்துக்கொண்டு ஒருவன் தொலைபேசியில் அழைக்கிறான். பெயரைச் சரியாகச் சொல்லுகிறான். சென்ற வாரம் எக்கடையில் என்ன வாங்கினார் என்பதையும், அட்டையின் கடைசி நான்கு இலக்கங்களையும் சொல்லுகிறான். கேட்பவர் இவன் வங்கியிலிருந்தே பேசுகிறான் என்று நம்புகிறார். பிறகு, தொலைபேசிக்கு வந்த ஒருமுறைக் கடவுச்சொல்லை அவன் கேட்க, அவர் சொல்லிவிடுகிறார். ஏமாந்தவரை எல்லாரும் குறை கூறுவர். அவரை ஏமாற்றுவதற்கு வேண்டிய விபரத்தை லாச்சியைப் பூட்டாமல் விட்டுப்போன கடைக்காரரை எவரும் நினைப்பதில்லை.

இனி, அறிஞர்கள் கண்ட பரிகாரங்களைப் பார்க்கலாம். அவற்றின் நோக்கமெல்லாம் விலாசத்தையும் திறப்பையும் பிரிப்பதே. முதலாவது சில்லு. பிரான்சு தேசத்தவரான ரோலண்ட் மொரேனோ 1974இல் உரிமை பெற்ற எண்ணத்திலிருந்து வளர்ந்தது அது. அட்டையிலுள்ள சில்லுக்குள்ளே ஓர் இரகசியச் சாவி புதைக்கப்பட்டிருக்கும். அது ஒருபோதும் வெளிவராது. ஒவ்வொரு கொடுப்பனவுக்கும் அச்சாவியைக் கொண்டு ஒரு புதிய விடையைச் சில்லு கணக்கிட்டுக் கொடுக்கும். இன்றைய விடையைத் திருடியவன் நாளை அதைக் கொண்டு ஒன்றும் செய்ய இயலாது. பிரான்சு 1990களின் தொடக்கத்திலேயே தன் அட்டைகளில் சில்லைப் பொருத்திவிட்டது. பிரித்தானியக் கடைகளில் 2006 பெப்ரவரி 14ஆந் திகதி முதல் கையொப்பத்துக்குப் பதிலாக இரகசிய இலக்கமே கேட்கப்பட்டது. அமெரிக்காவோ 2015 ஒக்டோபர் வரை பொறுத்திருந்தது. டார்கெட் களவு நடந்த நாளில் அந்நாட்டவர் பெரும்பாலும் காந்தப் பட்டியையே இழுத்துக்கொண்டிருந்தனர்.

ஆனால் சில்லு, அட்டையை நேரில் நீட்டும் கடையிலேயே உதவும். இணையத்தில் வாங்குபவர் இலக்கங்களைத் தட்டச்சு செய்கிறார். அங்கே சில்லுக்கு வேலையில்லை. அதற்கெனவே அட்டையின் முதுகில் மூன்று இலக்கங்கள் அச்சிடப்பட்டன. அவை பட்டியிலும் இல்லை, அச்சுப் பொறியிலும் பதியா; அட்டையைக் கையில் வைத்திருப்பவருக்கே தெரியும். வங்கி அனுமதி தந்தபின் இந்த மூன்று இலக்கங்களை எந்தக் கடைக்காரரும் எந்த வடிவிலும் வைத்திருக்கக்கூடாது என்பது பி.சி.ஐ. விதி, மறைமொழியாக்கி வைத்தாலுங்கூடக் குற்றமே. விதிகளுள் மிகக் கண்டிப்பானது இது. பின்வரும் காட்சியை எண்ணிப் பார்த்தால், அதிகம் மீறப்படுவதும் இதுவே என்று தோன்றும்.

சிறிய விடுதி ஒன்று. தூர தேசத்து விருந்தினர் தொலைபேசியில் அறை கேட்கிறார். முன்மேசையில் இருப்பவர், அட்டையின் இருபக்கத்தையும் படம் பிடித்து வாட்ஸ்அப்பிலே அனுப்பச் சொல்லுகிறார். படம் வருகிறது. அது அவருடைய சொந்தத் தொலைபேசியில் தங்குகிறது; அவரறியாமலே வேறு சேமிப்பிடங்களிலும் பிரதியாகிறது. இலக்கம் பதிவுப் புத்தகத்திலும் எழுதப்படுகிறது. விருந்தினர் வந்து, தங்கி, பணம் கொடுத்துப் போய்விடுகிறார். படம் போகவில்லை. முன்மேசைக்காரர் வேறு வேலைக்குப் போகிறார். படமும் அவருடன் போகிறது. இங்கே கெட்ட எண்ணம் எவருக்கும் இல்லை. விருந்தினருக்கு வசதி செய்வதாகவே அவர் எண்ணினார்.

சிறிய கடைக்குத் திருடன் வரமாட்டான் என்பது இன்னொரு மயக்கம். கணினித் திருடன் கடையின் பெயர்ப்பலகையைப் பார்த்து வருவதில்லை. கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும் நிரலை ஏவிவிட்டு, திறந்த கதவில் நுழைகிறான். இயந்திரம் விற்றவர் வைத்துக் கொடுத்த கடவுச்சொல்லை மாற்றாதிருத்தலும், வாடிக்கையாளர் அமர்ந்து படம் பார்க்கும் வைபை இணைப்பிலேயே அட்டை இயந்திரத்தையும் பூட்டியிருத்தலும், எல்லா ஊழியரும் ஒரே கடவுச்சொல்லைப் பாவித்தலும் அவனுக்குத் திறந்த கதவுகளே. பெரிய நிறுவனத்துக்கு இதற்கென அதிகாரிகள் உண்டு. சிறு கடைக்காரருக்கோ, விபரத்தைத் தம்மிடம் தங்கவிடாமல் செய்வதே எளிய வழி.

அதற்கும் வழி காணப்பட்டிருக்கிறது. அட்டையை வாசிக்கும் தலையிலேயே விபரத்தை மறைமொழியாக்கி, கடையின் கணினி அதனைத் திறக்க முடியாதபடி வங்கிவரை கொண்டுசெல்லும் முறை ஒன்று. ஹாட்லண்ட் நிறுவனம் தான் சூடுபட்ட பின்னர் இம்முறையைப் பரப்ப முன்னின்றது. மற்றொன்று டோக்கன் என்னும் பதிலி இலக்கம். மாதந்தோறும் பணம் பெறும் கடைக்குத் திரும்பத் திரும்ப ஓர் இலக்கம் தேவை. ஆனால் உண்மை இலக்கம் தேவையில்லை. உண்மை இலக்கத்தை அட்டை வலையமைப்போ வங்கியோ தன்னிடம் வைத்துக்கொண்டு, அதற்கீடாக வேறோர் இலக்கத்தைக் கடைக்குக் கொடுக்கும். அந்தப் பதிலி அக்கடையில் மட்டுமே செல்லும். களவு போனாலும், தேரில் ஏறக் கொடுத்த சீட்டைக் கொண்டு கப்பலில் ஏற முயன்றவன் கதையாகும். 2014இல் இதற்கு உலகப் பொது விதிமுறை வகுக்கப்பட்டது. தொலைபேசியைத் தட்டிப் பணம் கொடுக்கும் முறைகள் அதன்மேல் எழுந்தவையே. அயல்நாடான இந்தியாவில், 2022 ஒக்டோபர் 1ஆந் திகதி முதல் கடைக்காரர் எவரும் வாடிக்கையாளரின் அட்டை இலக்கத்தைத் தம்மிடம் வைத்திருக்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி கட்டளையிட்டது. வணிகர் தரப்பில் முறையீடுகள் எழுந்தன, தவணை நீடிக்கப்பட்டது, ஈற்றிலே கட்டளை நடைமுறைக்கு வந்தது.

இலங்கையிலே மத்திய வங்கி 2018இல் வகுத்த லங்கா கியூ.ஆர். முறை வேறொரு திசையால் இதே இடத்துக்கு வருகிறது. பழைய முறையிலே வாடிக்கையாளர் தம் இலக்கத்தைக் கடைக்காரரிடம் கொடுத்தார். இம்முறையிலோ கடைக்காரர் தம் இலக்கத்தைச் சதுரப் படமாக மேசைமேல் வைக்கிறார். வாடிக்கையாளர் அதனைத் தம் தொலைபேசியால் வாசித்து, தம் வங்கிக்குத் தாமே கட்டளையிடுகிறார். வாடிக்கையாளரின் இரகசியம் கடையைத் தொடுவதேயில்லை. கடைக்காரரின் இலக்கமோ இரகசியமானதன்று. அது வெறும் விலாசமே. மரக்கறி விற்பவர்கூட, கணினி எதுவுமின்றி, அட்டை உலகம் பல்லாண்டு முயன்று பெற்ற பாதுகாப்பை ஒரு மட்டைத் துண்டிலே பெற்றுவிடுகிறார்.

ஆயினும் திருட்டு இடம் மாறுகிறதேயன்றி ஒழிவதில்லை. கடைக்காரரின் படத்துக்குமேல் தன் படத்தை ஒட்டிவிட்டுப் போகும் தந்திரம் பல நாடுகளில் கண்டறியப்பட்டுள்ளது. காலையில் கடை திறக்கும்போது படத்தை விரலால் தடவிப் பார்ப்பதும், பணம் வந்த செய்தியைத் தம் தொலைபேசியில் கண்டபின்னரே பொருளைக் கொடுப்பதும் அதற்குப் போதிய காவல். வாடிக்கையாளர் பக்கத்திலே தொலைபேசியே திறப்பாகிவிட்டது. ஒருமுறைக் கடவுச்சொல்லைக் கேட்டு வரும் பொய் அழைப்புக்கள் பெருகியதும் அதனால்தான். பணத்தைப் பெறுவதற்கு எவருக்கும் இரகசிய இலக்கம் கொடுக்கவேண்டியதில்லை.

சட்டமும் துணைக்கு வந்திருக்கிறது. அட்டை மோசடிகளுக்கெனக் கொடுப்பனவுச் சாதன மோசடிகள் சட்டம் 2006இலும், கணினிக் குற்றங்கள் சட்டம் 2007இலும் இலங்கைப் பாராளுமன்றத்தில் நிறைவேறின. அவை திருடனைத் தண்டிப்பவை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஆளுக்குரிய தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, விபரத்தை வைத்திருப்பவரை நோக்கிப் பேசுகிறது. குறித்த காரணத்துக்காகவே விபரத்தைப் பெறவேண்டும். அக்காரணத்துக்கு வேண்டிய அளவே பெறவேண்டும். வேண்டிய காலம் கடந்தபின் வைத்திருக்கலாகாது. கனடா ஆணையாளர் ஒரு சட்டையையும் ஒரு சாரதி அனுமதிப்பத்திரத்தையும் வைத்துக் கேட்ட கேள்வியே இங்கே சட்ட வாசகமாயிற்று எனலாம்.

இதற்கிடையே அந்தக் கறுப்புப் பட்டியின் நாட்களும் எண்ணப்பட்டு வருகின்றன. 2024 முதல் உலகின் பல பகுதிகளில் தன் அட்டைகளுக்குக் காந்தப் பட்டி கட்டாயமில்லை என்றும், 2033ஆம் ஆண்டுக்குள் தன் கடன் அட்டைகளிலும் பற்று அட்டைகளிலும் பட்டியே இராது என்றும் மாஸ்டர்காட் நிறுவனம் 2021இல் அறிவித்தது. அதுவரை, பொரஸ்ற் பரியின் வீட்டிலே ஸ்திரிக்கைச் சூட்டில் ஒட்டிய அந்த நாடா பல அட்டைகளின் முதுகில் இருந்துகொண்டே இருக்கும். அட்டை எங்காவது பிறர் கைக்குப் போய், உரிமையாளரின் கண்ணுக்கு மறைவாக ஒரு முறை இழுக்கப்படுமாயின், அதிலுள்ள எழுத்துக்கள் முழுவதையும் அது முன்போலவே ஒப்புவித்துவிடும்.